பெரிய இடத்து விவகாரம்

வணக்கம் நேயர்களே.

குற்றப் புனைவு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசினால் இந்த நேரம் போதாது, எங்கேயும் போய்ச் சேரவும் மாட்டோம். அதனால் ஒரே ஒரு வகை நாவலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொலை வழக்குகளை விசாரிக்கும் ஒரு பெண் போலீஸ் அதிகாரி. அவள் சந்தேகப்படுகிற ஆள் பணம், பதவி, செல்வாக்கு மூன்றும் உள்ளவர். அவள் அவரை விடுவதாக இல்லை. அவ்வளவுதான் கதை. இதை எத்தனையோ மொழிகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். நாமும் அலுக்காமல் படிக்கிறோம்.

ஏன் அலுப்பதில்லை? யார் கொன்றது என்ற கேள்வி இந்த நாவல்களில் பெரும்பாலும் முதல் நூறு பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அவர்தான் செய்தார் என்று நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், சொல்லப்போனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். மர்மத்தை முதலிலேயே உடைத்துவிட்டுக் கதை சொல்லும் இந்த வழி புதியதில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற மருத்துவர், எழுத்தாளரும்கூட, 1912-இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டார். அதில் சில கதைகளில் முதல் பாதியில் குற்றத்தை நம் கண்ணெதிரே நடத்திக் காட்டிவிடுவார். இரண்டாம் பாதியில் துப்பறிவாளர் வருவார். கொலைகாரனைத் தெரிந்த பிறகும் வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார் என்று அவர் அன்றைக்கே காட்டிவிட்டார்.

பெரிய மனிதர் சந்தேக வளையத்துக்குள் வரும் நாவல் இதற்கு மேலே இன்னொரு கேள்வியைக் கேட்கிறது. நிரூபிக்க முடியுமா என்பதோடு, நிரூபிக்க விடுவார்களா? என்னைக் கேட்டால் இந்த வகை நாவலின் உயிர் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்குள் போகும் முன் அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று பார்த்துவிடலாம். பெண் துப்பறிவாளர் கதை இந்தக் காலத்துச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். லண்டனில் 1864-இலேயே, ஒரே ஆண்டில், ஒரு பெண் துப்பறிவாளர் தன் வழக்குகளைத் தானே சொல்வதுபோல் இரண்டு புத்தகங்கள் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால் அப்போது பிரிட்டிஷ் காவல்துறையில் பெண் காவலர்களே கிடையாது. கைது செய்யும் முழு அதிகாரத்தோடு அங்கே ஒரு பெண் பொறுப்பேற்றது 1915-இல், கிரான்தம் என்ற ஊரில். ஈடித் ஸ்மித் என்பது அவர் பெயர். கற்பனை அரை நூற்றாண்டு முன்னாலேயே போய் இடம் போட்டு வைத்திருந்தது.

அமெரிக்காவில் நிஜம் முந்திக்கொண்டது. 1856-இல் சிகாகோவில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் கேட் வார்ன் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். 1861-இல் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்க வாஷிங்டனுக்குக் கிளம்பியபோது, வழியில் பால்டிமோரில் அவரைக் கொல்லச் சதி நடப்பதாகத் தகவல். கேட் வார்ன் பணக்காரத் தென்னகச் சீமாட்டியாக வேடம் போட்டு அங்கே பழகித் துப்புச் சேகரித்தார். பிறகு லிங்கனை உடம்பு சரியில்லாத தன் சகோதரன் என்று சொல்லி இரவு ரயிலில் இடம் பிடித்துக் கொடுத்தார். நியூயார்க்கில் 1912-இல் இசபெல்லா குட்வின் என்பவர் துப்பறியும் பிரிவுக்கு உயர்த்தப்பட்டார். பட்டப்பகலில் டாக்சியில் போன வங்கிப் பணம் கொள்ளைபோன வழக்கு அது. சந்தேக நபரின் ஆட்கள் தங்கியிருந்த விடுதியில் வேலைக்காரியாகச் சேர்ந்து, பெருக்கித் துடைத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தார்.

கவனித்தீர்களா? அந்தக் காலத்துப் பெண் துப்பறிவாளரின் பலமே அவரை யாரும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்காததுதான். சீமாட்டி, வேலைக்காரி, நோயாளியின் அக்கா. வேடம் இருக்கும்வரை வேலை நடக்கும்.

கொலைப் பிரிவு அதிகாரிக்கு அந்த வசதி கிடையாது. அவள் வாசல் மணியை அடித்து, அடையாள அட்டையைக் காட்டி, பெயரும் பதவியும் சொல்லிவிட்டு உள்ளே வருகிறாள். ஒளிய இடமில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவள் பதவியும் அவர் பதவியும் நேருக்கு நேர். 1968-இல் டோரதி யூனாக் என்ற பெண்மணி, நியூயார்க் போக்குவரத்துக் காவல்துறையில் துப்பறியும் அதிகாரியாக வேலை பார்த்தவர், முதல் நாவலை எழுதி விருதும் வாங்கினார். உள்ளே இருந்தவர் எழுதியதால் அதில் அலுவலகம் அலுவலகமாகவே இருந்தது. பிறகு 1991-இல் லிண்டா லா பிளான்ட் எழுதிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்தது. லண்டன் காவல்துறையில் கதாநாயகி வகிக்கும் தலைமைத் துப்பறியும் ஆய்வாளர் பதவியில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே இருந்த காலம். அவர்களில் ஒருவரான ஜாக்கி மால்ட்டனிடம் விவரம் கேட்டு எழுதிய தொடர். அதில் கதாநாயகிக்கு வழக்கு கிடைப்பதே, அதைக் கையில் வைத்திருந்த ஆண் அதிகாரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான். சந்தேக நபர் அப்படியொன்றும் பெரிய புள்ளி இல்லை. அவளை மறிக்கும் அதிகாரம் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தது. பிற்பாடு வந்த பல நாவல்கள் அந்த அடுத்த மேஜையையும் வெளியே இருக்கும் பெரிய மனிதரையும் ஒரு கோட்டில் இணைத்துவிட்டன.

சரி, அந்தப் பெரிய மனிதரிடம் வருவோம். அவர் எப்படித் தடுப்பார்?

சுமாரான நாவலில் அடியாட்கள் வருவார்கள். நள்ளிரவில் மிரட்டல் போன் வரும். பிரேக் வேலை செய்யாது. அவள் வீட்டுக் கண்ணாடியில் கல் விழும். படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு நம்பிக்கை போய்விடும். உண்மையிலேயே செல்வாக்கு உள்ளவர் எதற்குக் கல் எறிய வேண்டும்? கல் எறிகிறவன் வேறு வழி இல்லாதவன். இவருக்குத்தான் நூறு வழி இருக்கிறதே. பல நேரங்களில் அவர் வாய் திறக்கவே தேவையில்லை. அவர் மனம் எப்படி என்று தெரிந்த நாலு பேர் தாங்களாகவே முன்வந்து வேலையை முடித்துவிடுவார்கள்.

ஒரு காட்சியைக் கட்டிப் பார்ப்போம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, இப்போது நமக்காக உருவாக்குவது. ஒரு தொழிலதிபர். அவருடைய கணக்காளர் விருந்தினர் மாளிகையில் மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடக்கிறார். தவறி விழுந்தார் என்கிறார்கள். தலையில் இருக்கும் காயம் படியில் விழுந்ததுபோல் இல்லை. நம் அதிகாரி தொழிலதிபர் வீட்டுக்குப் போகிறாள்.

முன்னறையில் உட்கார வைக்கிறார்கள். தேநீர் வருகிறது. ஐயா குளிக்கிறார், ஐயா போனில் இருக்கிறார், இதோ வந்துவிடுவார். அவள் நோட்டை எடுத்து, 10.20 வந்தேன் என்று எழுதுகிறாள். அவர் வரும்போது 11.05. அதையும் எழுதுகிறாள். நடுவில் உள்ளறையில் இன்னொரு ஆண் குரல் கேட்டது, அதுவும் நோட்டில் இருக்கிறது. வந்தவர் கைகூப்புகிறார். “காக்க வெச்சுட்டேன், மன்னிக்கணும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சாமே, இப்ப பார்வை தெரியுதா?”

மிரட்டலாக ஒரு வார்த்தைகூட இல்லை. விசாரிக்கும் தொனியில் அக்கறைகூட இருக்கிறது. ஆனால் படிக்கிறவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகும், ஏனென்றால் அவள் தன் அம்மாவைப் பற்றி இவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் என்ன செய்ய வேண்டும்? சீறினால் நாவல் சாதாரணமாகிவிடும். “தெரியுதுங்க சார். வியாழக்கிழமை ராத்திரி மாளிகையோட வெளி கேட் விளக்கு எரிஞ்சுதா?” என்று கேட்டால் அது நல்ல எழுத்து. அவர் கொலையைப் பற்றிய கேள்விக்குத் தயாராக வந்திருக்கிறார், விளக்குக்குத் தயாராக இல்லை. எரிந்தது என்று சொன்னாலும் மாட்டுவார், எரியவில்லை என்றாலும் மாட்டுவார், நான் அங்கே இல்லையே என்றால் அதுவும் நோட்டில் ஏறிவிடும்.

இதில் தொழில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கெட்டிக்கார விசாரணை அதிகாரி முதல் சந்திப்பிலேயே ஆதாரத்தைத் தூக்கி மேஜையில் போட மாட்டார். முதலில் பேச விடுவார். சின்னச் சின்ன விவரங்களில் ஆளை நிலைநிறுத்துவார். முரண்பாட்டைக் காட்டுவது கடைசியில்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-களின் தொடக்கத்தில் காவல்துறை விசாரணை முறையையே இந்தத் திசையில் மாற்றினார்கள். அதட்டி ஒப்புதல் வாங்குவதற்குப் பதிலாக, பொறுமையாகக் கேட்டு முழு விவரத்தைப் பதிவு செய்வது. அதட்டி வாங்கிய ஒப்புதல்கள் பல பின்னாளில் பொய் என்று தெரிந்து, நிரபராதிகள் வருஷக்கணக்கில் சிறையில் கிடந்தது வெளிவந்ததன் விளைவு அது. நாவலில் மேஜையைத் தட்டிக் கத்தும் காட்சி வந்தால், எழுதியவர் சினிமா பார்த்து எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தடயம். பிரான்சில் லியோன் நகரத்தில் 1910-இல் எட்மோன் லொக்கார் காவல்துறைக்கென்று ஒரு தடயவியல் கூடம் தொடங்கினார். ஓர் இடத்துக்குப் போகிற ஆள் அங்கே எதையாவது விட்டுவிட்டும், அங்கிருந்து எதையாவது எடுத்துக்கொண்டும்தான் போவான் என்பது அவருடைய அடிப்படை. இது எல்லா நாவல்களுக்கும் வேதம். ஆனால் பெரிய மனிதர் விஷயத்தில் இந்த வேதம் அவ்வளவாக உதவாது. மாளிகை அவருடையது. அவர் கைரேகை அங்கே இருந்தால் என்ன தப்பு? அவர் முடி அங்கே கிடந்தால் வக்கீல் சிரிப்பார். கணக்காளர் சட்டையில் அவர் சட்டை நூல் இருந்தால், தினமும் தோளில் கை போட்டுப் பேசுவாரே என்பார்.

அப்போது அவள் பார்க்க வேண்டியது இல்லாத தடயத்தை. மாடி அறைக் கதவின் கைப்பிடியில் சமையல்காரர் ரேகை இல்லை, வேலைக்காரப் பெண்ணின் ரேகை இல்லை, சொந்தக்காரரின் ரேகையும் இல்லை. வருஷக்கணக்காக எல்லாரும் பிடித்துத் திறந்த கைப்பிடி பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. மற்ற கதவுகளின் கைப்பிடிகளில் பிசுக்கு அப்படியே இருக்கிறது. இது கொலையை நிரூபிக்காது. ஆனால் தவறி விழுந்தார் என்ற கதைக்குள் ஒரு துடைப்புத் துணி நுழைந்துவிட்டது. யார் துடைத்தார்கள், எப்போது, ஏன் அந்த ஒரு கதவை மட்டும்? நாவல் அங்கிருந்துதான் வேகம் எடுக்கிறது.

இறந்த நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். மருத்துவர் சடலத்தைப் பார்த்தவுடன் “ஒன்பதேகாலிலிருந்து ஒன்பதரைக்குள்” என்று சொல்வார், கதை அதை வைத்து ஓடும். உடம்பு அப்படிக் கடிகாரம் காட்டாது. விறைப்பு சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் தாடை, முகம் பக்கம் தெரிய ஆரம்பிக்கும், சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும், பிறகு மெல்ல விடும். வெயில், குளிர், உடல்வாகு, இறப்பதற்கு முன் ஓடினாரா போராடினாரா என்பதைப் பொறுத்து எல்லாம் முன்னே பின்னே போகும். ஆகவே உண்மையான மருத்துவர் ஒரு நீண்ட இடைவெளியைத்தான் சொல்வார். நம் கதைக்கு இது குறையில்லை, வரம். அந்த இடைவெளிக்குள் பெரிய மனிதரின் வக்கீல் ஒரு விருந்தையும் நூறு சாட்சிகளையும் வசதியாக உட்கார வைத்துவிடலாம். அவள் அந்த இடைவெளியைப் பல்லால் கடித்துக் கடித்துச் சுருக்க வேண்டும். இரைப்பையில் என்ன இருந்தது, கைபேசி கடைசியாக எப்போது திறக்கப்பட்டது, கேட்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒவ்வொரு பக்கமாக.

இங்கே பெரிய மனிதருக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, இதை நன்றாகப் பயன்படுத்தும் நாவல்கள் குறைவு. அவர் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. ஏழை மனிதன் ராத்திரி எங்கே போனான் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. இவருக்கோ ஓட்டுநர், செயலாளர், காவலாளி, சமையல்காரர், தோட்டக்காரர். எந்நேரமும் யாராவது கதவைத் திறந்துவிடுகிறார்கள், யாராவது குறித்து வைக்கிறார்கள். கார் கிளம்பியது பதிவேட்டில் இருக்கிறது. எரிபொருள் கணக்கு இருக்கிறது. கைபேசிக் கோபுரத் தகவல் கைபேசி எங்கே இருந்தது என்றுதான் சொல்லும், ஆள் எங்கே இருந்தார் என்று சொல்லாது. அப்படியானால் கைபேசியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்? அந்த யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரியும்.

அந்த ஒருவர் ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் வாக்குமூலத்தில், பதினோரு மணிக்கு ஐயாவை மாளிகையில் இறக்கிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார். பொய் சொல்ல வேண்டும் என்றே அவருக்கு அப்போது தோன்றவில்லை. மூன்றாம் நாள் திரும்பக் கேட்டால், “சரியா ஞாபகம் இல்லம்மா” என்கிறார். அடித்தார்களா? இல்லை. மிரட்டினார்களா? அதுவும் இல்லை. அவர் மகளின் படிப்புச் செலவை முதல் வகுப்பிலிருந்து ஐயா பார்த்துக்கொள்கிறார். மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஐயா மருத்துவமனைக்கு வந்து நின்றார். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் கர்ணனுக்குச் சொல்வோமே, அதுதான். ஐயா கெட்டவராகவே இருக்கட்டும், ஆனால் இந்த மனிதருக்கு அவர் செய்த நல்லது பொய்யில்லை.

நாவலின் கனமான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதிகாரி அந்த ஓட்டுநரிடம் போய் என்ன கேட்கிறாள்? நியாயத்துக்காக உன் வாழ்க்கையைக் கலைத்துக்கொள் என்று கேட்கிறாள். பதிலுக்கு அவளால் என்ன தர முடியும்? அமெரிக்காவில் 1970-இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், குற்றக் கும்பல்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர்களுக்குப் புதிய பெயரும் புதிய ஊரும் கொடுத்து ஒளித்து வைக்கும் திட்டம் உண்டு. அதற்குக்கூடச் சாட்சி தன் பெயரையும் உறவுகளையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாதாரணக் கொலை வழக்கில் ஓர் ஓட்டுநருக்கு அந்த அளவு பாதுகாப்புக்கூடக் கிடைப்பது அபூர்வம். அவள் சாட்சியை வாங்கிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவாள். அவர் அதே தெருவில் இருக்க வேண்டும், வேலையில்லாமல். இதை யோசிக்காமல், மூன்று வரி வசனத்தில் ஓட்டுநர் மனம் மாறிக் கண்ணீர் விட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக எழுதுபவரை நான் மன்னிப்பதில்லை. அந்தக் காட்சிக்கு முப்பது பக்கம் கொடுத்தாலும் தகும். அவள் மூன்று முறை போக வேண்டும், இரண்டு முறை வெறும் கையோடு திரும்ப வேண்டும்.

அலுவலகத்துக்குள் நடப்பது இன்னொரு பக்கம். மேலதிகாரி நல்லவராகவே இருக்கலாம். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவராகவே இருக்கலாம். ஒருநாள் கூப்பிட்டு, “நீ நல்ல ஆபீசர்மா. கொஞ்சம் பார்த்துப் பண்ணு. சோதனையெல்லாம் ஒரு வாரம் கழிச்சு வெச்சுக்கலாம்” என்கிறார். ஒரு வாரம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவிகள் பல, இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். கார்பெட்டை மாற்றிவிடலாம். காவலாளி சொந்த ஊருக்குப் போய்விடலாம். தாமதம் என்பது இந்தக் கதைகளில் துப்பாக்கியைவிட மோசமான ஆயுதம். அதைப் பயன்படுத்தியவர் என்று யாரையும் கைகாட்டவும் முடியாது.

அவள் பதில் சொல்கிறாள்: “சரிங்க சார். தள்ளி வைக்கச் சொல்லி எழுத்தில் ஒரு வரி கொடுத்துடுங்க, கேஸ் டைரியில் சேர்த்துடறேன்.”

இந்த ஒரு வசனத்துக்காகவே ஒரு நாவலை நான் முழுசாகப் படிப்பேன். செல்வாக்கு என்பது எழுத்தில் வராமல் நடக்கிற காரியம். ஒரு போன், ஒரு கல்யாண வீட்டில் காதோடு காதாக இரண்டு வார்த்தை, ஒரு பார்வை. எங்கேயும் கையெழுத்து இருக்காது. அவளுடைய சண்டை முழுக்க அதைக் காகிதத்துக்கு இழுத்து வருவதுதான். வந்த நேரம், காத்திருந்த நேரம், யார் போன் பண்ணினார்கள், எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, முத்திரை எப்போது உடைந்தது. சாதாரண ஆள் மேல் வழக்குப் போடும்போது இதில் ஓர் ஓட்டை விழுந்தால் யாரும் கவனிக்காமல் போகலாம். பெரிய மனிதரின் வக்கீல்கள் அந்த ஒரு ஓட்டைக்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். ஆகவே இந்தக் கதாநாயகிக்கு முதலில் வேண்டியது குறிபார்த்துச் சுடும் கை இல்லை, தேதி போட்டு எழுதும் கை. வாசிக்க இது சப்பென்று இருக்கும் என்று பதிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். மேலதிகாரி அந்த வரியை எழுதிக் கொடுப்பாரா மாட்டாரா என்று பேனாவைக் கையில் எடுத்துவிட்டு யோசிக்கும் அரைப் பக்கத்தை எழுதிப் பாருங்கள், எந்தக் கார் துரத்தலும் பக்கத்தில் நிற்காது.

அவள் பெண் என்பதை எழுத்தாளர்கள் கையாளும் விதம் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. ஆண் அதிகாரி என்றால் குடிப்பார், இசை கேட்பார், ஜன்னல் வழியே மழையைப் பார்ப்பார். பெண் அதிகாரி என்றால் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் குழந்தையை மறந்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் குமைவாள். விவாகரத்து கட்டாயம். அம்மாவோடு மனத்தாங்கல் கட்டாயம். இதெல்லாம் வாழ்க்கையில் இல்லை என்று சொல்லவில்லை, இதை விட்டால் வேறு எதுவுமே இல்லாததுபோல் எழுதுவதுதான் எரிச்சல். அவளுக்கு வேலை பிடித்திருக்கிறது என்று எழுதுங்களேன். ஒரு முடிச்சு அவிழும்போது வரும் சந்தோஷம் அவளுக்கும் வரும்தானே? அப்புறம் அவள் அறிமுகமாகும் பக்கத்தில் சீருடை எப்படிப் பொருந்தியிருந்தது என்று வர்ணிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இதைவிட முக்கியமானது செத்துப்போனவர் விஷயம். இந்த நாவல்களில் கொலையுண்டவர் அநேகமாக ஓர் இளம்பெண். அவள் உடம்பைப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, பார்ப்பது பெண் அதிகாரியின் கண் என்பதால் சரியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். சரியாகவில்லை. பெண் அதிகாரியை வைத்ததன் அர்த்தமே, செத்தவள் ஒரு சடலமாக நின்றுவிடாமல் ஓர் ஆளாக வருவதுதான். அவள் மேஜை இழுப்பறையில் என்ன இருந்தது, யாருக்குக் கடன் தர வேண்டியிருந்தது, எந்த விஷயத்தில் பிடிவாதக்காரி. என் கற்பனைக் கதையில் செத்தவரைக் கணக்காளராக வைத்ததும் அதற்குத்தான். கணக்காளர் என்றால் அவர் எழுதி வைத்த எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கப் படிக்கச் செத்தவரே பேசுவார்.

பெரிய மனிதரையும் ஒரே நிறத்தில் தீட்டக்கூடாது. டென்மார்க்கில் 2007-இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரில், ஓர் இளம்பெண்ணின் சடலம் கிடைக்கும் கார் ஒரு நகர அரசியல்வாதியின் தேர்தல் பிரசார அலுவலகத்துக்குச் சொந்தமானது. விசாரிப்பவர் ஒரு பெண். தொடர் நெடுகிலும் அந்த அரசியல்வாதி எதையோ மறைக்கிறார் என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எதை என்று நான் சொன்னால் இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இதுதான்: பதவியில் இருப்பவர் பொய் சொல்வதற்குக் கொலை ஒன்றுதான் காரணம் என்றில்லை. அவமானம் காரணமாக இருக்கலாம், வேறொருவரைக் காப்பாற்றுவது காரணமாக இருக்கலாம், சும்மா பழக்கதோஷமாகவும் இருக்கலாம். அப்படி ஒரு வாய்ப்பு திறந்திருந்தால்தான் அதிகாரியும் சோதனைக்கு உள்ளாவாள். அவர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டதா? பெரிய இடத்தைச் சாய்த்த பெயர் வேண்டும் என்று மனதில் ஒரு மூலையில் இருக்கிறதா? இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கதாநாயகி எனக்கு வில்லனைவிடப் பயம் தருகிறாள்.

கடைசியாக முடிவு. இங்கேதான் நல்ல நல்ல நாவல்கள்கூடக் கைவிட்டுவிடுகின்றன. நானூறு பக்கம் பொறுமையாக ஆதாரம் சேர்த்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் பெரிய மனிதர் மொட்டை மாடிக்கு ஓடுகிறார், கால் தவறி விழுகிறார், கதை முடிந்தது. அல்லது அவரே துப்பாக்கியைத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கிறார். எழுத்தாளர் தப்பித்துக்கொண்டார் என்பேன். நிரூபிக்க விடுவார்களா என்று கேட்டுத்தானே எங்களை உள்ளே அழைத்தீர்கள்? ஆள் செத்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல வேண்டாம். அவளுடைய நோட்டுகளை நீதிமன்றத்தில் யாரும் புரட்டிப் பார்க்க வேண்டாம். ஓட்டுநர் கூண்டில் ஏற வேண்டாம்.

கைவிலங்கு மாட்டும் இடத்தில் முடிக்கிற நாவல் இதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் அரைக் கிணறு தாண்டியதுதான். கைதுக்கு மறுநாள் ஜாமீன் மனு. பிறகு மருத்துவமனையில் சேர்க்கை. பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. இதற்கிடையில் அவளுக்கு ஒரு மாறுதல் உத்தரவு, பதவி உயர்வோடு. பயிற்சிக் கல்லூரியில் பெரிய நாற்காலி, யாராலும் குறை சொல்ல முடியாத கௌரவமான இடம். வழக்கைக் கையில் எடுக்கும் புதிய அதிகாரி நாட்குறிப்பைப் படிக்கிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. சாட்சி சொல்ல அழைப்பு வரும்போது பழைய நோட்டுகளோடு கூண்டில் ஏறி, 10.20-க்கு வந்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிகாரம் சரியாக ஓடியதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கைதோடு தொடங்கி இந்த இரண்டாம் பாதியை மட்டும் முழு நீளத்தில் எழுதிய ஒரு தமிழ் நாவலை நான் தேடிக்கொண்டிருக்கிறேன், நாயகி கொலைப் பிரிவுப் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நேயர்களில் யாராவது படித்திருந்தால் நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவர்கள் எனக்குச் சேர்த்துவிடுவார்கள். யாராவது எழுதிக்கொண்டிருந்தால், ஓட்டுநர் காட்சியை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.